மேப்பில் ஒரு புள்ளி, காப்பாற்ற வேண்டிய ஒரு உயிர்: ஓபியாய்டு போதையை எதிர்கொள்ள அமெரிக்கா பயன்படுத்தும் மேப்பிங் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது?

2016 ஆகஸ்ட் 15. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் உள்ள ஹன்டிங்டன் நகரம். மாலை நேரத்தில் அவசர உதவி எண்ணான 911-க்கு அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன. எல்லாமே ஒரே மாதிரி: "ஒருத்தர் மயங்கிக் கிடக்கிறார், மூச்சு இல்லை." சில மணி நேரத்துக்குள் 20-க்கும் மேற்பட்டோர் போதைப்பொருள் ஓவர்டோஸால் சுருண்டு விழுந்தனர். சுமார் 50 ஆயிரம் பேர் வசிக்கும் ஊரில், ஆம்புலன்ஸ்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

பெரும்பாலானோர் அன்று பிழைத்துக்கொண்டார்கள். ஆனால், அவர்களில் யாரும் போதை மறுவாழ்வு சிகிச்சைக்கு அனுப்பப்படவில்லை என்பது பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. மூச்சு திரும்பியதும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். எங்கே, எப்போது, எத்தனை பேர் என்பதை உடனுக்குடன் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தால்? அதன் பிறகு என்ன செய்யலாம்? அதற்குத்தான் மேப்பிங் மென்பொருள்.

ஓபியாய்டு என்றால் என்ன?

கடும் வலியைக் குறைக்கத் தரப்படும் மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற மருந்துகளும், சட்டவிரோதமாக விற்கப்படும் ஹெராயினும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை. 1990-களில் அமெரிக்க டாக்டர்கள் வலி மாத்திரைகளை அதிகமாக எழுதிக்கொடுக்கத் தொடங்கியதில் ஆரம்பித்தது பிரச்னை. 2010-க்குப் பிறகு ஹெராயின், 2013-க்குப் பிறகு ஃபென்டனில் என அது அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போனது. ஃபென்டனில், ஹெராயினை விட சுமார் 50 மடங்கு வீரியமானது.

2023-ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 1 லட்சத்து 5 ஆயிரம் பேர் போதைப்பொருள் ஓவர்டோஸால் இறந்தனர். அதில் பெரும்பகுதி ஓபியாய்டு சம்பந்தப்பட்டது.

ஓபியாய்டு அளவு மீறினால் மூச்சு மெதுவாகி நின்றுபோகும். அதை முறிக்கும் மருந்து நலோக்ஸோன். மூக்கில் ஸ்பிரே அடித்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் மருந்து பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கே வைப்பது? இந்தக் கேள்விக்கு மேப் பதில் சொல்கிறது.

ஓடிமேப் எப்படி செயல்படுகிறது?

வாஷிங்டன் - பால்டிமோர் பகுதிக்கான போதைப்பொருள் தடுப்பு அமைப்பு 2017-ல் 'ஓடிமேப்' என்ற இலவச மென்பொருளை அறிமுகப்படுத்தியது. ஓவர்டோஸ் நடந்த இடத்துக்குப் போகும் போலீஸோ, ஆம்புலன்ஸ் ஊழியரோ, மொபைலிலேயே நான்கு விஷயங்களைப் பதிவு செய்தால் போதும்: நேரம், இடம், உயிர் பிழைத்தாரா இல்லையா, நலோக்ஸோன் கொடுக்கப்பட்டதா. பாதிக்கப்பட்டவரின் பெயர் தேவையில்லை.

உடனே மேப்பில் ஒரு புள்ளி விழும். 24 மணி நேரத்துக்குள் வழக்கத்தை விட அதிகப் புள்ளிகள் விழுந்தால், சுகாதாரத் துறைக்கும் போலீஸுக்கும் 'ஸ்பைக் அலர்ட்' போகும். பக்கத்து மாவட்டத்தில் எண்ணிக்கை எகிறினாலும் எச்சரிக்கை பெறலாம். இது ஏன் முக்கியம்? போதைப்பொருளுக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஹன்டிங்டனே ஒஹாயோ, கென்டக்கி மாகாணங்களின் எல்லையை ஒட்டிய ஊர்தான்.

அலர்ட் வந்த பிறகு என்ன நடக்கும்?

இங்கேதான் சமூகத்தின் பங்கு. புள்ளிகள் குவியும் இடத்தை வைத்து, நலோக்ஸோனை எந்த நூலகத்தில், எந்தத் தெருவில் விநியோகிப்பது என முடிவு செய்யலாம். மறுவாழ்வு மையங்களை அதே மேப்பில் சேர்த்தால், பாதிப்பு அதிகமுள்ள பகுதிக்கும் சிகிச்சைக்கும் இடையே எவ்வளவு தூரம், பஸ் வசதி இருக்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். வீட்டில் மிச்சமான மாத்திரைகளை ஒப்படைக்கும் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் மக்களுக்குக் காட்டலாம்.

ஹன்டிங்டன் 2017-ல் இன்னொரு படி முன்னே போனது. ஓவர்டோஸில் இருந்து பிழைத்தவரை 72 மணி நேரத்துக்குள் தேடிச் செல்லும் குழுவை அமைத்தது. மருத்துவப் பணியாளர், சிகிச்சை ஆலோசகர், போலீஸ், மதத் தலைவர் எனப் பலர் அதில் இருப்பார்கள். கைது செய்ய அல்ல, "சிகிச்சைக்கு வர்றீங்களா?" என்று கேட்கத்தான். 2016-ல் விடுபட்டது இதுதான்.

இது புதிய யோசனையா?

இல்லை. 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது, டாக்டர் ஜான் ஸ்னோ இறந்தவர்களின் வீடுகளை மேப்பில் குறித்தார். புள்ளிகள் ஒரு தெரு பம்பைச் சுற்றிக் குவிந்திருந்தன. இன்று கணினி அதே வேலையை வேகமாகச் செய்கிறது.

குறைகள் இல்லையா?

இருக்கின்றன. 911-க்கு அழைத்தால்தான் புள்ளி விழும். 2023-ல் இருந்து நலோக்ஸோன் ஸ்பிரேயை டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம். வீட்டிலேயே ஒருவரைக் காப்பாற்றிவிட்டால், அது மேப்பில் ஏறாமல் போகலாம். அதனால் புள்ளி இல்லாத பகுதியில் பிரச்னையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

அதைவிடப் பெரியது பயம். "நம்ம தெரு சிவப்பாகத் தெரிந்தால் போலீஸ் வந்து நிற்குமோ?" என்று நினைப்பவர், நண்பர் மயங்கி விழுந்தாலும் போனை எடுக்கத் தயங்குவார். சிறிய ஊரில் பெயர் இல்லாவிட்டாலும், ஒரு புள்ளியை வைத்தே அது யார் வீடு என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால்தான் ஓடிமேப்பின் முழு விவரங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. அரசுத் துறைகளுக்கு மட்டுமே அனுமதி.

அமெரிக்காவில் ஓவர்டோஸ் மரணங்கள் 2024-ல் சுமார் 80 ஆயிரமாகக் குறைந்தன. நலோக்ஸோன் பரவலானது, சிகிச்சை எளிதானது என இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. மேப் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. எங்கே போக வேண்டும் என்பதை அது காட்டும். அங்கே போய்க் கதவைத் தட்ட வேண்டியது மனிதர்கள்தான்.