பழவேற்காட்டுக் கல்லறைகளுக்கு உறவினர் யார்?

நவம்பர் 2-ஆம் நாள் இறந்தோர் நினைவு நாள். நம் பங்குக் கல்லறைத் தோட்டங்களில் புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மெழுகுவர்த்தி ஏற்றி மன்றாடுகிறோம். உறவினர் எவரும் வாராத கல்லறைகளும் உண்டல்லவா? திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் டச்சுக்காரர் துயிலும் தோட்டம் அத்தகையது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரியும் நம் குடும்பங்கள் விடுமுறை நாளில் ஏரியைக் காண அவ்வழி செல்வதுண்டு. தோட்டத்து வாயிலில் கல்லில் செதுக்கிய இரு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. பிள்ளைகள் முதலில் அஞ்சுவர். பின்னர் கேள்வி மேல் கேள்வி கேட்பர். உள்ளே 17-ஆம் நூற்றாண்டின் கனத்த கற்பலகைகள். அவற்றில் குலச்சின்னங்களும் டச்சு மொழி எழுத்துகளும் இன்றும் துலங்குகின்றன.

பழவேற்காட்டுக்கு முதலில் வந்த ஐரோப்பியர் போர்த்துக்கீசியர். அங்குள்ள மாதா கோயிலின் தொடக்கம் 1515 என்பர். டச்சுக்காரர் 1613-இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் 1690 வரை அதுவே. பின்னர் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் விளைவாக ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டை இன்று சிதைவும் புதருமாகக் கிடக்கிறது. கல்லறைகளோ நிலைத்திருக்கின்றன. அவற்றைப் பேணுவது மத்திய அரசின் தொல்லியல் துறை. கத்தோலிக்கர் அல்லாத அந்நிய வணிகரின் கல்லறையை நம் அரசு ஏன் காக்க வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். கல்லறைக்குள் இருப்பவர் யார் என்று சட்டம் பார்ப்பதில்லை. நாட்டின் வரலாற்றுக்கு அது சான்றா என்றே பார்க்கிறது.

தேசிய முக்கியத்துவம் உடைய சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது அரசியலமைப்பின் 49-ஆம் விதி. 1904-இலேயே ஆங்கில அரசு இதற்கெனச் சட்டம் இயற்றியது. இன்று நடைமுறையில் இருப்பது 1958-ஆம் ஆண்டுச் சட்டம். குறைந்தது நூறு ஆண்டு பழமை வேண்டும். மத்திய அரசு முதலில் தன் எண்ணத்தை அறிவிக்கும். அக்கறை உடையோர் இரண்டு மாதத்துக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். அவற்றை ஆராய்ந்த பின்னரே முடிவு. கட்டடங்கள் மட்டுமல்ல, தொல்பொருள் புதைந்த நிலமும் இதில் அடங்கும். மாநில அரசுக்கு 1966-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு.

இச்சட்டத்தின் சுமை ஏழையின் தோளிலும் விழுகிறது என்பதை நாம் மறைக்கலாகாது. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். 1992-இல் அறிவிக்கப்பட்ட இவ்விதி 2010-இல் சட்டத்திலேயே இடம் பெற்றது. மீறினால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. மகளுக்குத் திருமணம் ஆகிறது, ஓர் அறை கூட்டிக் கட்டலாம் என எண்ணும் மீனவர், தாம் பிறக்கும் முன்பே அங்கிருந்த கல்லறைக்காக அனுமதி கேட்டு அலைய வேண்டும். கல்லைக் காப்பவர்கள் இவரது மனுவுக்கும் விரைந்து விடையளிக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

அறிவிப்பு ஒன்றே போதுமா என்றால், போதாது. 2013-இல் தலைமைத் தணிக்கையாளர் 1,655 சின்னங்களை நேரில் ஆய்ந்தபோது 92 காணாமற் போயிருந்தன! 2024-இல் 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்கவே முற்பட்டது தொல்லியல் துறை. அவற்றுள் தில்லியின் பாராகம்பா கல்லறைத் தோட்டமும் ஒன்று. நகரம் பெருகியபோது கல்லறை மறைந்தது. தொழிற்சாலைகள் நெருங்கிவரும் நம் வட்டாரத்தில் இதை எளிதாக எண்ண இயலவில்லை.

பழமையான நம் ஆலயங்களின் நிலை என்ன? வயது நூறு ஆனதனாலேயே எந்த ஆலயமும் சட்டப் பாதுகாப்புப் பெற்றுவிடாது, அறிவிப்பு வேண்டும். அறிவிக்கப்படாத ஆலயத்தின் பழைய பீடத்தையும் கல்வெட்டையும் காப்பதோ பெயர்ப்பதோ பெரும்பாலும் பங்கு மக்களின் கையிலேயே இருக்கிறது.

அரசு ஏற்றுக்கொண்டால் பூசை நின்றுவிடுமோ என்ற அச்சம் பலரிடம் உண்டு. வழிபாட்டுத் தலத்தை அதன் இயல்புக்கு மாறாகப் பயன்படுத்தக் கூடாது என்றே 1958-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கோவாவில் புனித சவேரியாரின் திருவுடல் உள்ள பொம் இயேசு பேராலயம் மத்திய அரசின் பாதுகாப்பில்தான் இருக்கிறது. அங்கே இன்றும் திருப்பலி நடைபெறுகிறது.