ஆங்கிலம் பிழையற – 14: 50 லட்சம் டாலர் கமா

அப்பாஸ்ட்ரஃபி சென்ற வாரத்தோடு முடிந்தது. ‘இட்ஸ்’ பற்றி இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் பழைய இதழைப் புரட்டவும்.

அடுத்தது பட்டியலில் வரும் கமா. நாலைந்து பொருள்களை அடுக்கும்போது, கடைசிப் பொருளுக்கு முன் வரும் ‘அண்ட்’, ‘ஆர்’ ஆகியவற்றுக்கு முன்னால் கமா வேண்டுமா? பொதுவாக வேண்டாம் என்பது நம் பள்ளிகளை ஆண்ட ரென் அண்ட் மார்ட்டின் கட்சி. போடு என்பது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் கட்சி. ஆகவே அதன் பெயரே ஆக்ஸ்ஃபோர்டு கமா. இவ்வளவோடு நகர்ந்திருப்பேன், ஒரு பால் கம்பெனி குறுக்கே வராமல் இருந்தால்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஓக்ஹர்ஸ்ட் கம்பெனி அது. வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் என்பது அந்த மாநிலச் சட்டம். கெட்டுப்போகும் உணவு போன்ற சரக்குகளைக் கையாளும் சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு. அந்தப் பட்டியல் கேனிங், பிராசஸிங், பிரிசர்விங், ஃப்ரீசிங், டிரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங் என்று ஓடி, ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்று முடியும். ஷிப்மென்டுக்குப் பிறகு கமா இல்லை.

பால் வண்டி ஓட்டுநர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அனுப்புவதற்கோ விநியோகத்துக்கோ செய்யும் பேக்கிங்குக்குத்தானே விலக்கு? நாங்கள் எதையும் பேக் செய்வதில்லையே, கொண்டுபோய்க் கொடுக்கிறோம், எடு ஓவர்டைமை. கம்பெனியோ, விநியோகம் தனி வேலை என்றது. அந்த இடத்தில் கமா போடாதே என்று சொல்லும் மாநிலச் சட்ட வரைவுக் கையேட்டையும் எடுத்து நீட்டியது. குழப்பம் வருமிடத்தில் கவனம் என்றும் அதே கையேடு சொல்கிறதே என்றார்கள் ஓட்டுநர்கள்.

கீழ் நீதிமன்றத்தில் கம்பெனிக்கு வெற்றி. மேல்முறையீட்டில், 2017 மார்ச்சில், நீதிபதி டேவிட் பேரன் 29 பக்கத் தீர்ப்பில் அதைப் புரட்டிப் போட்டார். ஒரு கமா இல்லாததால் வந்த வழக்கு இது என்றுதான் அந்தத் தீர்ப்பே தொடங்குகிறது.

உலகம் கமாவையே பேசியது. எனக்கு ருசித்தது வேறு. அந்தப் பட்டியலை வாய்விட்டுப் படியுங்கள். விலக்குப் பெற்ற வேலைகள் எல்லாம் ‘இங்’ என்று முடிகின்றன. ஷிப்மென்டும் டிஸ்ட்ரிப்யூஷனும் மட்டும் முடியவில்லை. விநியோகமும் அந்த வரிசையில் ஒன்றென்றால் ‘டிஸ்ட்ரிப்யூட்டிங்’ என்றல்லவா இருக்க வேண்டும்? ஓட்டுநர்களின் வக்கீல் இதையும் கேட்டார். அப்படியானால் கடைசி வேலையான பேக்கிங்குக்கு முன் ‘ஆர்’ எங்கே என்று கம்பெனி மடக்கியது. அதுவும் நல்ல கேள்விதான். இலக்கணம் இரு பக்கமும் இழுக்கவே, ஊதியச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் அதன் நோக்கத்தைப் பார்த்துத் தொழிலாளிக்குச் சாதகமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2018இல் கம்பெனி 50 லட்சம் டாலருக்குச் சமரசம் பேசி முடித்தது.

ஆகவே, கமா போடுவதா விடுவதா என்று அடித்துக்கொள்வதற்கு முன், அடுக்கும் சொற்கள் ஒரே வார்ப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஐ லைக் ரீடிங், ஸ்விம்மிங் அண்ட் டு சிங்’ என்று எழுதுபவருக்கு எந்தக் கமாவும் உதவாது. வார்ப்பு சரியாக இருந்தும் குழப்பம் வருமானால் கமா போடுங்கள், ரென் அண்ட் மார்ட்டின் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

1916இல் ரோஜர் கேஸ்மென்ட் மீதான ராஜத்துரோக வழக்கில், 1351ஆம் ஆண்டுச் சட்டத்தில் எங்கே நிறுத்திப் படிப்பது என்று பார்க்க லண்டன் நீதிபதிகள் மூல ஆவணத்தையே தேடிப்போன கதையும் கைவசம் இருக்கிறது. ஆசிரியர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

ஒன்று மட்டும். பிறகு மெய்ன் சட்டமன்றம் அந்தப் பட்டியலைத் திருத்தியபோது கமா சேர்க்கவில்லை. இருந்த கமாக்களையும் எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளை வைத்தது; டிஸ்ட்ரிப்யூஷனை டிஸ்ட்ரிப்யூட்டிங் ஆக்கியது. அரைப்புள்ளியையும் இந்த வாரமே முடிப்பதாக இருந்தேன். அதற்கு வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சுக்கூடத்துக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் போவோம்.