இரண்டாவது சாவி

ரிமோட் சாவியை அழுத்தி அழுத்திப் பார்த்தும் கார் கதவு திறக்கவில்லை என்றால், பெரும்பாலானோர் அடுத்து போய் நிற்பது ஷோரூமில் அல்லது சாவிக் கடையில். "புதுசே போட்டுடலாம் சார்" என்ற பதில் அங்கே தயாராக இருக்கும். அந்தப் பதிலுக்குத் தலையாட்டும் முன் வீட்டு வாசலிலேயே பத்து நிமிடம் செலவழியுங்கள். பலருக்குப் புதுச் சாவியே தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும்.

கைக்குள் ஒரே பொருளாக அடங்கும் அந்தச் சாவியில் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, வெட்டிய உலோகச் சாவி. கதவையும் இக்னிஷனையும் கையால் திருப்ப. இரண்டாவது, பட்டன்களுக்கு அடியில் இருக்கும் ரிமோட் போர்டு. ஒரு பட்டன் செல்லில் ஓடி, ரேடியோ அலை வழியே கதவைப் பூட்டித் திறக்கிறது. மூன்றாவதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அரிசியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டாகவோ, போர்டிலேயே பதித்தோ இருக்கும் சிப் அது. அதற்குச் செல் வேண்டாம். இக்னிஷனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அனுப்பும் மின்காந்த அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு, 'நான் இந்த வண்டியின் சாவிதான்' என்று காருக்குச் சொல்லும். அந்தப் பதில் வராவிட்டால் இம்மொபிலைசர் என்ஜினை ஓடவிடாது. மூன்றும் தனித்தனியாகப் பழுதாகும், தனித்தனியாகச் சரிசெய்யவும் முடியும்.

ஆகவே முதல் வேலை, எது போயிற்று என்று கண்டுபிடிப்பது. பட்டனுக்குக் கதவு திறக்கவில்லை, ஆனால் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்புகிறது என்றால் சிப் நலமாக இருக்கிறது. கோளாறு செல்லிலோ ரிமோட் போர்டிலோதான். கதவு திறக்கிறது, என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறது என்றால் சிப்பைச் சந்தேகிக்கலாம். கதவில் சாவி இறுகி இறுகித் திரும்பினால் உலோகம் தேய்ந்திருக்கும், அல்லது பூட்டுக்குள் தூசி அடைந்திருக்கும். வீட்டில் இரண்டாவது சாவி இருந்தால் அதையும் அதே இடத்தில் அழுத்திப் பாருங்கள். இரண்டுமே வேலை செய்யாவிட்டால் பழுது பெரும்பாலும் காரின் பக்கம்: ஒரு ஃபியூஸ், பலவீனமான கார் பேட்டரி, சில சமயம் சுற்றுப்புறத்து ரேடியோ இரைச்சல். வண்டியைச் சற்று நகர்த்திவிட்டு மறுபடி பாருங்கள். காரில் இருக்கும் பழுதுக்குச் சாவியை மாற்றிப் பயனில்லை.

அடுத்தது செல். சாவியின் ஓரப் பிளவில் மெல்லிய ஸ்க்ரூடிரைவரை வைத்து மெதுவாக நெம்பினால் கவர் திறக்கும். செல்லின் மேல் சி.ஆர். 2032, சி.ஆர். 1620 என்று ஏதாவது எழுதியிருக்கும். அந்த எண்ணே அதன் அளவு: 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். ஆகவே 2032 இருந்த இடத்தில் 2025 போட்டால் தொடர்பு தளரும். அதே எண்தான் வேண்டும். எல்லாமே 3 வோல்ட் செல்கள். நல்ல கம்பெனிச் செல்லே நூறு ரூபாய்க்குள் கிடைக்கும்போது, அட்டையில் பெயரே இல்லாததை வாங்க வேண்டாம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கழற்றிய பழைய செல்லை மேஜையில் விட்டுவிடாதீர்கள். ஒரு குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரிக்கத் தொடங்கும். தீர்ந்துபோனதாக நாம் நினைக்கும் செல்லிலும் அதற்குப் போதுமான மின்சாரம் இருக்கும்.

செல் மாற்றியும் ஒரு பட்டன் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், போர்டின் மேல் இருக்கும் குட்டி சுவிட்ச் தேய்ந்திருக்கலாம். செல்போன் பழுது பார்க்கும் கடையில் அதைக் கழற்றி வேறு வைத்துச் சால்டர் செய்து தருவார்கள். மழையிலோ வாஷிங் மெஷினிலோ நனைந்த சாவி என்றால் உடனே செல்லைக் கழற்றிவிட்டு, போர்டை நன்றாக உலர விடுங்கள். ஈரத்தோடு அழுத்திப் பார்ப்பதுதான் போர்டைக் கெடுக்கும்.

கவர் மட்டும் உடைந்து, ரப்பர் பட்டன் கிழிந்து போனவர்களுக்குக் காலி கவர் போதும். இங்கேதான் நிறையப் பேர் நஷ்டப்படுகிறார்கள். போர்டைப் புதுக் கவருக்கு மாற்றுவார்கள். பழைய கவரின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பைக் கவனிக்காமல் கவரோடு குப்பையில் போட்டுவிடுவார்கள். கதவு அழகாகத் திறக்கும், வண்டி கிளம்பாது. கவர் மாற்றினால், புதுச் சாவியில் என்ஜினை ஓடவிட்டுப் பார்க்கும்வரை பழைய கவரின் ஒரு துண்டையும் எறியாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு புதுச் சாவிதான் என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் விவரம் சேகரியுங்கள். "ஸ்விஃப்ட் சாவி" என்று கேட்பது போதாது. இந்தியாவில் மட்டும் 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறை ஸ்விஃப்ட் வந்திருக்கிறது; ஒரே ஆண்டு வண்டியிலும் கீழ் வேரியன்டுக்கு ரிமோட் இல்லாத சிப் சாவி, மேல் வேரியன்டுக்கு ஸ்டார்ட் பட்டனோடு ஸ்மார்ட் சாவி என்று மாறும். கவரின் வடிவமும் பட்டன் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சிப் வேறாக இருக்கலாம். ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்துச் சேஸிஸ் எண், தயாரித்த மாதமும் ஆண்டும், வேரியன்ட், பழைய சாவியின் முதுகிலோ போர்டிலோ அச்சிட்ட எண், இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். வண்டி புதிதாக வந்தபோது சாவிக்கொத்தில் ஒரு சின்னத் தகடு தொங்கியிருக்கும். அதில் இருப்பது சாவி எண். அது கிடைத்தால் பெரிய உதவி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கே வாங்குவது? கம்பெனி சர்வீஸ் சென்டரில் விலை கூடுதல், ஆர்டர் போட்டு நாள் கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். ஆனால் பொருள் அசல், பதிவு முறையானது, பில் உண்டு. வாரன்டியில் இருக்கும் வண்டிக்கும் ஸ்மார்ட் சாவிக்கும் நான் அந்த வழியைத்தான் சொல்வேன். பத்து வயதைத் தாண்டிய வண்டிக்கு நல்ல சாவிக் கடை போதும். சென்னையில் ஜி.பி. ரோட்டுப் பக்கம் போனால் இதை மட்டுமே தொழிலாகச் செய்பவர்களைப் பார்க்கலாம். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் கே.டி., எக்ஸ்ஹார்ஸ் போன்ற சீனக் கம்பெனிகளின் பொது ரிமோட்கள். வெறும் போர்டாக வரும் அவற்றில், உங்கள் காருக்கு உரிய முறையைக் கருவி மூலம் ஏற்றித் தருவார்கள். தேர்ந்த கை செய்தால் நன்றாகவே உழைக்கும்.

இணையத்தில் மலிவாகக் கிடைப்பதை வாங்குபவர்கள் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது அலைவரிசை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கார் ரிமோட்கள் பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவை பரவலாக 315. பார்க்க அச்சாக ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் குரல் மற்றதன் காருக்குக் கேட்காது. இரண்டாவது, பழைய சாவி. வேறொரு வண்டியில் பதிந்த ஸ்மார்ட் சாவியைப் பல கார்கள் மறுபடி ஏற்பதில்லை, உள்ளே பூட்டிக்கொண்டுவிடும். "ஒரிஜினல், கொஞ்சம் யூஸ்டு" என்று வந்தால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு யோசனையையும் சில இடங்களில் சொல்வார்கள்: "சிப்பெல்லாம் எதுக்கு சார், இம்மொபிலைசரையே கட் பண்ணிடலாம்." செலவு குறைவுதான். ஆனால் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1998-லேயே புதுக் கார்களில் இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் அது இல்லாமல் விற்ற ஹூண்டாய், கியா வண்டிகளை, ஸ்டீயரிங் அடிப்பகுதியைப் பெயர்த்து யு.எஸ்.பி. கேபிள் முனையால் திருப்பிச் சிறுவர்கள் ஓட்டிப்போனது 2022 வாக்கில் ஊரெல்லாம் பரவிய திருட்டானது. உங்கள் வண்டிக்கும் அந்த வண்டிகளுக்கும் நடுவே நிற்பது அந்தக் கறுப்புத் துண்டுதான்.

உலோகத்தை வெட்டும் கட்டம் அடுத்தது. பழைய சாவியை இயந்திரத்தில் மாட்டி அப்படியே நகலெடுத்தால் அதன் தேய்மானமும் நகலாகும். தகட்டில் இருக்கும் சாவி எண்ணை வைத்து வெட்டினால் தொழிற்சாலையிலிருந்து வந்த அளவு கிடைக்கும். தகடு தொலைந்திருந்தால், வீட்டில் இருக்கும் சாவிகளில் குறைவாகப் புழங்கியதை நகலுக்குக் கொடுங்கள்.

பதிவு செய்யும் நாளில் வண்டியோடு வீட்டில் இருக்கும் எல்லாச் சாவிகளையும் எடுத்துப் போங்கள், ஆர்.சி., அடையாள அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். இவற்றைக் கேட்காமலே சாவி போட்டுத் தரும் கடை, நாளைக்கு உங்கள் காருக்கு வேறொருவர் கேட்டாலும் போட்டுத் தரும். அந்தக் கடை வேண்டாம். ஸ்டீயரிங் அடியில் இருக்கும் 16 பின் ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியை மாட்டி, காரின் நினைவகத்தில் சாவியைச் சேர்ப்பார்கள். பல கார்களில் இப்படிப் பதியும்போது பழைய பதிவுகள் எல்லாம் அழிந்து, அன்று காட்டும் சாவிகள் மட்டுமே மீண்டும் ஏறும். வீட்டில் விட்டுவந்த சாவி மறுநாள் வேலை செய்யாமல் போவது அதனால்தான். சாவி தொலைந்தவர்களுக்கோ இதுவே பாதுகாப்பு: தொலைந்ததன் பதிவை அழித்துவிடும்படி வாய்விட்டுக் கேளுங்கள். பிறகு அது கிடைத்தவரால் என்ஜினைக் கிளப்ப முடியாது. ஆனால் உலோகச் சாவி கதவை இன்னமும் திறக்கும். வீட்டு முகவரி தெரிந்தவரிடம் அது போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் லாக் செட்டையும் மாற்றுவது நல்லது. பதிவு நடக்கும்போது ஏ.சி., விளக்குகளை அணைத்து வையுங்கள். கார் பேட்டரி நடுவில் இறங்கினால் பதிவு பாதியில் நின்றுவிடும்.

பணம் கொடுக்கும் முன் சோதனை. நான்கு கதவும் டிக்கியும் பட்டனுக்குத் திறந்து மூடுகின்றனவா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். கதவில் சாவியைக் கையால் திருப்பித் திறந்து பாருங்கள். பின் புதுச் சாவியின் செல்லைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கிளப்புங்கள். ஸ்மார்ட் சாவி என்றால் அதை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்த வேண்டும். சில கார்களில் சாவியை வைக்கத் தனி இடம் உண்டு. கிளம்பினால் சிப் சரியாகப் பதிந்திருக்கிறது. கையோடு கொண்டுபோன பழைய சாவியிலும் ஒருமுறை கிளப்பிப் பார்த்துவிடுங்கள்.

கையில் ஒரு சாவியாவது இருக்கும்போது மட்டுமே இது இவ்வளவு எளிது. எல்லாச் சாவியும் தொலைந்துவிட்டால் வண்டியை இழுத்துப் போக வேண்டும். காரின் கணினிப் பெட்டியைக் கழற்றிப் படிக்கவோ, சில மாடல்களில் மாற்றவோ கூட வேண்டியிருக்கும். ஆகவே இரண்டில் ஒன்று தொலைந்த வாரமே அடுத்ததைப் போடுங்கள். பழைய கார் வாங்குபவர்கள் விலை பேசும்போதே இரண்டு சாவியையும் கேட்க வேண்டும். ஒன்றுதான் என்றால் சாவிச் செலவைக் குறைத்துக்கொண்டு பேச வேண்டும், வாங்கிய கையோடு மற்ற பதிவுகளை அழிக்க வேண்டும்.

சாவி தொலைந்தது காவல் நிலையத்தில் எழுத்தில் இருக்கட்டும். மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பின்னொரு நாள் காரே திருட்டுப் போய் இழப்பீடு கேட்டால், வண்டியோடு வந்த எல்லாச் சாவிகளையும் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். அப்போது அந்த ரசீதும் புதுச் சாவியின் பில்லும் பேசும். பாலிசியில் சாவி இழப்புக்கான கூடுதல் காப்பீடு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேர்ந்திருந்தால் செலவு செய்வதற்கு முன்பே நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும்.