சனிக்கிழமைக் கூலியும் ஞாயிற்றுக்கிழமைப் பையும்

சனிக்கிழமை மாலை. பட்டறையில் வாரக்கூலி கொடுக்கிறார்கள்.

கூலி வீட்டுக்கு வருகிறது. வாடகைக்கு ஒரு பங்கு. கடனுக்கு ஒரு பங்கு. பிள்ளைகளின் செலவுக்கு ஒரு பங்கு. மிச்சம் இருப்பதுதான் அடுப்புக்கு. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, ஞாயிறு காலையில் பையோடு கிளம்புகிறாள் குடும்பத் தலைவி.

வியாழக்கிழமை பணம் தீர்ந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை தெருமுனைக் கடையில் கடன். கடைக்காரர் கணக்கு நோட்டை எடுக்கிறார்.

பணம் எங்கே போயிற்று? அவள் பட்டுப்புடவை வாங்கவில்லை. சினிமாவுக்கும் போகவில்லை. அரிசி, பருப்பு, காய்கறிதான் வாங்கினாள். ஆனாலும் பற்றவில்லை!

வாரக்கூலி வாங்கும் வீடுகள் பலவற்றில் இதுதான் கதை. இதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது.

முதல் சிக்கனம் வீட்டில்

பேரம் பேசத் தெரிந்தவள் கெட்டிக்காரி என்பார்கள். உண்மைதான். ஆனால் கத்தரிக்காயில் 5 ரூபாய் பேரம் பேசிக் குறைத்தவள், வீட்டில் 30 ரூபாய்ப் பீர்க்கங்காயை அழுகவிட்டால் என்ன லாபம்?

அதனால் கடைக்குப் போகுமுன் அடுக்களைக்குப் போக வேண்டும். பருப்பு டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். வெங்காயக் கூடையைக் கிளறிப் பார்க்க வேண்டும். இருப்பது என்ன, இல்லாதது என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுத வராதவர்களுக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதிக் கொடுத்தால் போதும்!

சமைக்கும் வரிசையும் முக்கியம். கீரையும் கொத்தமல்லியும் முதல் இரண்டு நாளில் தீர வேண்டும். அடுத்து வெண்டை, கத்தரி, அவரை. பூசணி, சேனை, உருளைக்கிழங்கு பொறுத்திருக்கும். அவை வாரக் கடைசிக்கு. இந்த வரிசை தவறினால் குப்பைத் தொட்டிதான் சாப்பிடும்.

ரேஷன் கடை முதலில்

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011 ஜூன் மாதம் முதல் ரேஷன் அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய். ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளிக்கடையில் இவற்றின் விலை பல மடங்கு.

ஆனால் "கூட்டமாக இருந்தது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த மாதப் பருப்பு கைவிட்டுப் போனால், அதே பருப்பை வெளியில் முழு விலைக்கு வாங்க நேரும். ரேஷன் சாமான் வீட்டுக்கு வந்த பிறகே மளிகைச் சீட்டு எழுதுவது புத்திசாலித்தனம்.

உழவர் கையிலிருந்து

1999-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கிறது. இங்கே விற்பவர் வியாபாரி அல்ல. அடையாள அட்டை பெற்ற உழவர். நடுவில் தரகர் இல்லை. கடைக்கு வாடகை இல்லை. அன்றைய விலை பலகையில் எழுதப்பட்டிருக்கும். ஆகையால் காய் மலிவு, பசுமையும் வாடாது.

ஒன்று கவனிக்க வேண்டும். நல்ல காய் விடியற்காலையிலேயே விற்றுப்போகும். வெயில் ஏறிய பிறகு போனால் பொறுக்கிப் போட்ட மிச்சம்தான் கிடைக்கும்.

உழவர் சந்தை இல்லாத ஊரிலும் வாரச்சந்தை உண்டு. அங்கே பொழுது சாயும் நேரத்தில் விலை இறங்கும். மூட்டையைத் திரும்பக் கொண்டுபோக யாருக்கு ஆசை? அன்றிரவே சமைக்கும் காய்க்கு அந்த நேரம் ஏற்றது.

எங்கே வாங்கினாலும் தராசில் ஒரு கண் இருக்க வேண்டும். பொருளை வைக்குமுன் எண் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்ப்பதில் வெட்கம் இல்லை.

சின்னப் பொட்டலம், பெரிய விலை

"பத்து ரூபாய்ப் பாக்கெட்தானே!" என்ற சொல்லில்தான் பல வீட்டுப் பணம் கரைகிறது.

10 ரூபாய்ப் பொட்டலத்தில் 25 கிராம் மிளகாய்த்தூள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் கிலோ 400 ரூபாய்! அரைக்கிலோ பாக்கெட் 150 ரூபாய் என்றால் கிலோ 300 ரூபாய்தான். ஒரே தூள், கிலோவுக்கு 100 ரூபாய் வித்தியாசம்.

கையில் காசு இல்லாதவர் ஒரேயடியாக அரைக்கிலோ வாங்குவது எப்படி? நியாயமான கேள்வி. இந்த வாரம் மிளகாய்த்தூள், அடுத்த வாரம் மல்லித்தூள், அதற்கடுத்த வாரம் சீரகம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டால் சுமை தெரியாது.

பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச விலை. அதற்கு மேல் வாங்கக் கூடாது, குறைத்துக் கொடுக்கலாம். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

காலம் அறிந்து வாங்குதல்

மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். மிளகாய் வற்றலும் அப்போதுதான் புதிதாக வரும். வருஷத்துப் புளியை அப்போதே வாங்கி, கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்துப் பானையில் அடைத்து வைப்பது பாட்டிமார் வழக்கம். அது பழைய பழக்கம் அல்ல, பக்குவமான கணக்கு.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்றது. அப்போது புளி இருந்த வீட்டில் குழம்புக்குக் குறைவில்லை. விலை ஏறிய காயைத் துரத்துவதை விட, மலிந்த காயைத் தேடுவது மேல்.

மிஞ்சுவதும் உணவுதான். முள்ளங்கி இலை பொரியலாகும். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். கொத்தமல்லித் தண்டு ரசத்தில் மணக்கும். பச்சை மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு வைத்தால் பல நாள் இருக்கும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போடாதிருந்தால் கிழங்கு சீக்கிரம் முளைவிடாது.

யார் வயிற்றில் சிக்கனம்?

இத்தனையும் சொன்ன பிறகு, சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று இருக்கிறது.

பல வீடுகளில் சிக்கனம் வேறு விதமாக நடக்கிறது. கணவனுக்குக் குழம்பில் கிடக்கும் காய். பிள்ளைகளுக்கு முட்டை. கடைசியில் உட்காருகிறாள் தாய். சட்டியில் இருப்பது வழித்த குழம்பு. "எனக்குப் பசி இல்லை" என்கிறாள்.

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மதியச் சத்துணவில் முட்டை கிடைக்கிறது. தாய்க்கு யார் தருகிறார்கள்?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வது என்ன? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை! பசியை மறைத்துச் சேர்த்த காசு பின்னால் மருந்துக்கடைக்குப் போகிறது. அது சிக்கனமா?

ஒரு நாளைக்கு 10 ரூபாய் மிச்சம் பிடித்தால் வாரத்துக்கு 70 ரூபாய். ஒரு முட்டை 7 ரூபாய் என்றால் பத்து முட்டை ஆயிற்று. அவ்வளவு முடியாவிட்டாலும் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு, நிலக்கடலை உண்டு. கீரையோடு ஓர் எலுமிச்சைத் துண்டைப் பிழிந்துகொண்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே தேநீர் குடித்தால் சேராது.

ஆகவே மிச்சம் பிடித்த பணத்துக்கு முதல் செலவு எது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும். கடைக்காரரின் நோட்டில் உள்ள பாக்கி ஒன்று. தாயின் தட்டில் உள்ள பாக்கி இன்னொன்று.

இரண்டாவது பாக்கியை யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் அதை முதலில் தீர்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையை எடுக்கும்போது, துண்டுச் சீட்டின் முதல் வரியில் அவளுக்கென்று ஒரு பொருள் இருக்கட்டும். அதை எழுத வேண்டியவர் வீட்டுக்காரர்!