ஒரு நாடு, இரண்டு செய்திகள்!



என் சித்தப்பா கனடாவில் மான்ட்ரியால் நகரில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார்: "இங்க ராத்திரி நியூஸை ரெண்டு தடவை பாக்குறேன்டா. இங்கிலீஷ்ல ஒரு தடவை, பிரெஞ்சுல ஒரு தடவை. ரெண்டும் ஒரே நிறுவனம்தான். ஆனா முதல் செய்தியே வேற வேறயா இருக்கு!"

அது எப்படி? சமூக அறிவியல் சாரிடம் கேட்டேன், நூலகத்திலும் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு பிள்ளைகள்

கனடாவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தாய்மொழி பிரெஞ்சு. அவர்களில் பெரும்பாலோர் வாழ்வது கியூபெக் மாகாணத்தில். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆங்கிலமும் பிரெஞ்சும் ஆட்சிமொழிகள்.

மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஒலிபரப்பு நிறுவனம் 1936-இல் உருவானது. ஆங்கிலத்தில் அதன் பெயர் சிபிசி, பிரெஞ்சில் ரேடியோ-கனடா. அதற்கு முன்பு, 1932-இல் அமைந்த வானொலி ஆணையம் ஒரே அலைவரிசையில் இரு மொழிகளையும் கலந்து ஒலிபரப்பியது. "எங்க ரேடியோல எதுக்குப் பிரெஞ்சு?" என்று ஆங்கிலம் பேசுவோர் பலர் சண்டைக்கு வந்தார்கள். அதனால் பிரெஞ்சுக்குத் தனி வானொலி வந்தது. டிவியிலும் அதே கதைதான். 1952-இல் மான்ட்ரியாலில் இரு மொழிக்கும் ஒரே நிலையம். 1954-இல் ஆங்கிலம் தனியாகப் பிரிந்தது. சண்டை ஓய்ந்தது. ஆனால் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழுவதும் குறைந்துவிட்டது!

கரும்பலகை நிருபர்

ரெனே லெவெக் என்று ஒரு பத்திரிகையாளர். 1956 முதல் 1959 வரை ரேடியோ-கனடா டிவியில் உலக அரசியலை விளக்கினார். எப்படித் தெரியுமா? நம்ம சார் மாதிரியே கரும்பலகை, வரைபடம், கையில் ஒரு குச்சி! சூயஸ் கால்வாய்ப் பிரச்சினைகூட சாதாரண மக்களுக்குப் புரிந்தது.

1958 டிசம்பரில் மான்ட்ரியாலில் பிரெஞ்சுப் பிரிவின் தயாரிப்பாளர்கள் சங்கம் அமைக்கும் உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். லெவெக்கும் அவர்கள் பக்கம் நின்றார். இரண்டு மாதத்துக்கும் மேல் இழுத்தது. "இதுவே ஆங்கிலப் பிரிவாக இருந்திருந்தால் இப்படி விட்டிருப்பார்களா?" என்ற வருத்தம் அவர் மனதில் தங்கிவிட்டது. 1960-இல் அரசியலுக்கு வந்தார். 1968-இல் கியூபெக் தனி நாடாக வேண்டும் என்று கட்சி தொடங்கினார். 1976-இல் மாகாண முதல்வரே ஆனார்!

யார் பக்கம்?

உடனே பிரதமர் பியர் ட்ரூடோவின் அரசு, "ரேடியோ-கனடா பிரிவினைக்குத் துணை போகிறதா?" என்று 1977-இல் விசாரிக்கச் சொன்னது. விசாரணையில் வெளிப்பட்ட பெரிய குறை வேறு. ஆங்கிலப் பிரிவு, பிரெஞ்சு மக்களின் வாழ்க்கையைச் சரியாகக் காட்டவில்லை. பிரெஞ்சுப் பிரிவும் மற்ற மாகாணங்களைச் சரியாகக் காட்டவில்லை. அதாவது ஒரே வீட்டில் இரண்டு அறை, நடுவில் கதவு இல்லை!

இது சின்ன விஷயமா? 1995-இல் கியூபெக்கில் பிரிவது பற்றி வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்றவர்கள் 50.58 சதவீதம். வேண்டும் என்றவர்கள் 49.42 சதவீதம். மயிரிழையில் தப்பியது நாடு.

பணம் அரசுடையது, பேனா யாருடையது?

பணம் நாடாளுமன்றம் தருகிறது. ஆனால் செய்தியில் அரசு தலையிடக் கூடாது என்று 1991-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் பணம் கொடுப்பவர் கை மேலேதானே? 2025 தேர்தலில் எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சி, ஆங்கில சிபிசிக்குப் பணத்தை நிறுத்துவோம், பிரெஞ்சுச் சேவை மட்டும் இருக்கட்டும் என்றது. அந்தக் கட்சி ஜெயிக்கவில்லை. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஒரு நல்ல பழக்கமும் அங்கே உண்டு. 1984 முதல் தேர்தல் நேரத்தில் கட்சித் தலைவர்கள் டிவியில் ஆங்கிலத்தில் ஒரு விவாதம், பிரெஞ்சில் ஒரு விவாதம் என்று வந்து பதில் சொல்கிறார்கள். பிரதமராக ஆசைப்பட்டால் இரண்டு மொழியிலும் வாய் திறக்க வேண்டும்!

நண்பர்களே, எங்கள் வீட்டில் அப்பா ஒரு சேனல், பெரியப்பா ஒரு சேனல். தினமும் சண்டை. இப்போதெல்லாம் நான் இரண்டையும் பார்க்கிறேன். ஒன்றில் சொல்லாததை மற்றொன்று சொல்கிறது. நீங்களும் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன்!

— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்