கோழி பார்த்த பாம்பின் கால்

டீ ஆறட்டும். அதற்குள் ஒரு தாய்லாந்துப் பழமொழியைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். ‘நாம் குன் ஹை ரீப் தக்.’ நாம் என்றால் தண்ணீர், குன் என்றால் ஏறுவது, தக் என்றால் மொள்வது. தண்ணீர் ஏறும்போதே சட்டென்று மொண்டுகொள். தொகுப்புகளில் இதற்கு எதிரே, ‘வெயில் அடிக்கும்போதே புல்லைக் காயவை’ என்ற ஆங்கிலப் பழமொழியைப் போட்டிருப்பார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நம் மனமும் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீர் எதற்காக ஏறுகிறது? பாங்காக் இருப்பது சாவோ பிரயா ஆற்றங்கரையில், கடலைவிட அதிகம் உயராத தட்டை நிலத்தில். கடலில் ஓதம் ஏறினால் ஆறும் ஏறும். ‘குலோங்’ எனப்படும் வாய்க்கால்களும் நிறையும். சில மணி நேரத்தில் இறங்கிவிடும். குழாய்த் தண்ணீர் அந்த நகரத்துக்கு வந்ததே 1914இல்தான். அதற்கு முன்பு வாய்க்காலோரத்து வீட்டில், நீர் ஏறியிருக்கும்போது படியில் உட்கார்ந்தபடியே மொண்டு பெரிய ஜாடியை நிரப்பிவிடலாம். தாமதித்தால் சேற்றில் இறங்க வேண்டும்.

ஆங்கிலப் பழமொழிக்குள் இருப்பது வேறு வேலை. பனிக்காலத்துக்கு மாட்டுத்தீவனம் சேர்க்க வேண்டும். அறுத்த புல் நனைந்தால் அழுகிவிடும். ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட பழமொழி நூலிலேயே இது இருக்கிறது.

நாம் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். எதிரெதிரே அச்சிட்டிருப்பதால் நடுவில் ஒரு சமக்குறி இருப்பதாக நினைத்துவிடுகிறோம். இணைப் பழமொழிகள் சம்பந்திகள் மாதிரி. ஒரே விசேஷத்துக்கு வருவார்கள், பக்கத்தில் உட்காருவார்கள். ஒரு வீட்டில் பிறந்தவர்கள் அல்ல. இரண்டையும் சொல்லும் சமயம் ஒன்றுதான். ஆனால் இங்கிலாந்து உழவர் நாளைக்கு வெயில் வருமோ வராதோ என்று பயப்படுகிறார். தாய்லாந்துக்காரருக்கு அந்தப் பயம் இல்லை, தண்ணீர் நாளைக்கும் ஏறும். அது நமக்காக நிற்காது என்பதுதான் அவர் சொல்வது. எனக்கு இது சின்ன வித்தியாசமாகப் படவில்லை.

‘சா சா தை ப்ரா லெம் ஙாம்’ இன்னொன்று. நிதானமாகச் செய்தால் அழகான வெட்டுக்கத்தி கிடைக்கும் என்று பொருள். சாவும் ப்ராவும் இயைந்து ஒலிப்பதால் ஒரு தடவை கேட்டாலே நாக்கில் நின்றுவிடும். மொழிபெயர்த்தால் முதலில் போவது அந்த ஓசைதான். இதற்கு ஆங்கில ஜோடி, நிதானமாகப் போகிறவரே பந்தயத்தில் ஜெயிப்பார் என்பது. ஈசாப்பின் ஆமையும் முயலும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அங்கே தோற்பதற்கு ஒரு முயல் வேண்டும். கத்தியில் யாரும் தோற்கவில்லை. பொறுமையாக அடித்த இரும்பு நல்ல உருவத்தோடு கைக்கு வருகிறது, அவ்வளவே.

கடைசியாக ஒன்று, இதற்கு ஆங்கிலத்தில் கச்சிதமான ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை. ‘கோழி பாம்பின் காலைப் பார்த்தது, பாம்பு கோழியின் முலையைப் பார்த்தது.’ பாம்புக்குக் காலும் இல்லை, கோழிக்கு முலையும் இல்லை. யார் கண்ணிலும் படாததை இவை ஒன்றிடம் ஒன்று பார்த்துவிட்டன. இருவர் ரகசியம் இருவருக்கும் தெரியும் என்று அர்த்தம். பாம்பின் கால் பாம்பறியும் என்று நாம் சொல்லப் போவோம். கொஞ்சம் பொறுங்கள். நம் பழமொழியில் பாம்பின் காலை அறிவது இன்னொரு பாம்பு, அதன் இனம். அங்கே அதைப் பார்த்துவிட்டது கோழி.