நெல் காத்திருப்பது ஏன்?

தாமிரவருணிப் பள்ளத்தாக்கின் வயல்கள் காரும் பிசானமுமென இருபோகம் விளைவன என்பதை நம் கல்லூரியார் யாவரும் அறிவர். ஆயின், விளைந்த நெல் களத்தினின்று அரிசியாலைக்குச் செல்லும் வழியைக் கருதுவோர் சிலரே. யானும் அதனைக் கருதியவனல்லேன். ஒரு பிசான அறுவடையின்போது என் பெரிய தந்தையாரின் நெல், கொள்முதல் நிலையமொன்றின் வாயிலில் ஐந்து இரவுகள் கிடந்து, பருவந் தப்பிய மழையில் நனைந்து முளைகண்டது. “நிலையத்தார் சோம்பினர்” என்றனர் சிலர். “தராசு போதாது” என்றனர் வேறு சிலர். இவ்விரண்டும் முழு உண்மையாகா என்பதைப் பின்னர் ஒரு தாளும் எழுதுகோலும் எனக்கு உணர்த்தின. அவ்வாற்றை ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

நெல்லின் பயணம் ஒரு சங்கிலி போன்றது. அறுவடை, களம், ஈரமளத்தல், தூற்றுதல், எடையிட்டு 40 கிலோச் சாக்குகளிற் கட்டுதல், லாரியேற்றுதல், கிடங்கு, அரவையாலை என்பன அதன் கண்ணிகள். ஈரப்பதம் நூற்றுக்கு 17 பங்கிற்கு மேற்படலாகாதென்பது பொதுவிதி. சிற்சில ஆண்டுகளில் அது தளர்த்தப்படுதலும் உண்டு. ஒரு கண்ணி தளரின் அதற்கு முன்னுள்ளவை யாவும் தேங்கி நிற்கும். இத்தகைய சங்கிலியை நேரிற் கலைத்துச் சோதித்தல் இயலாது. உழவனுடைய ஓராண்டு உழைப்பு அதிற் கிடக்கின்றதன்றோ? ஆதலின் அதன் இன்றியமையாக் கூறுகளை மட்டும் எடுத்து ஒரு மாதிரி அமைத்து, அம்மாதிரியை இயக்கிப் பார்க்கின்றனர் அறிஞர். இதனைச் சிமுலேஷன் என்பர். நாடகத்தை அரங்கேற்றுமுன் நிகழ்த்திப் பார்ப்பதைப் போன்றதாகலின், யாம் ஒத்திகை என்றே வழங்குவோம்.

ஓர் எளிய ஒத்திகை காண்போம். ஒரு நிலையம் நாளொன்றுக்கு 10 வண்டி நெல்லை எடையிட வல்லது என்க. ஆறு நாட்களில் வரும் வண்டிகள் 48. சராசரி நாளொன்றுக்கு 8. பத்துக்கு எட்டு குறைவாதலின் காத்திருத்தலே இராதென்று சராசரி நமக்குச் சொல்லும். நாள்தோறும் சரியாக எட்டே வருமாயின் அக்கூற்று மெய்யே. ஆனால் வண்டிகள் அங்ஙனம் வருவதில்லை. முன்னாளில் அரிவாள் கொண்டு பல நாள் நிகழ்ந்த அறுவடை, இந்நாளில் பொறிகளால் ஊருக்கூர் ஒரே பொழுதில் முடிகின்றது. எனவே வரத்து முறையே 2, 14, 5, 15, 4, 8 எனக் கொள்வோம். கூட்டிப் பாருங்கள், இதுவும் 48 தான். இரண்டாம் நாளிரவு 4 வண்டிகளும், நான்காம் நாளிரவு 5 வண்டிகளும் வாயிலில் தங்கும். ஆக 9 வண்டியிரவுகள். முதல் நாள் வீணாய்க் கழிந்த எட்டு வண்டித் திறனை இரண்டாம் நாளுக்குச் சேமித்து வைத்தல் இயலாது. அதுவே தேக்கத்தின் மறைபொருள்.

இனி, நான்காம் நாளில் சாக்கு வரத் தாமதித்து, அரைநாட்பணி நின்றதென்போம். அன்று 5 வண்டிகளே எடையிடப்படும். அவ்விரவு 10 வண்டிகளும், ஐந்தாம் இரவு 4 வண்டிகளும், ஆறாம் இரவு 2 வண்டிகளும் தங்கும். இரண்டாம் இரவின் நான்கையும் கூட்டின் 20 வண்டியிரவுகள். அரைநாட் குறை, காத்திருப்பை இருமடங்கிற்கும் மேலாக்கிற்று! அக்குறை நெரிசலில்லாத முதல் நாள் நேர்ந்திருப்பின் ஒரு வண்டியும் கூடுதலாகக் காத்திராது. குறையின் அளவினும் அது நேரும் வேளை பெரிது என்பது இதனாற் பெறப்படும்.

“அங்ஙனமாயின் மற்றுமொரு தராசு வைத்தாலென்ன?” என்று வினவலாம். வைக்கலாம், ஆயின் லாரிகள் நாளொன்றுக்கு 10 வண்டி நெல்லையே ஏற்றிச் செல்லுமாயின், வாயிலிற் கிடந்த அம்பாரம் முற்றத்திற்கு இடம் பெயருமேயன்றிக் குறையாது. கால்வாயின் மடைகளுள் மிகக் குறுகியது எதுவோ அதுவே நீரின் அளவை வரையறுக்கும். அதனை விடுத்து ஏனை மடைகளை அகலமாக்குதல் வீண் செலவு. எம்மடை குறுகியது என்பதைச் செலவின்றி முன்னரே காட்டுவதே ஒத்திகையின் பெரும்பயன்.

இக்கலை தோன்றிய வரலாறும் சுவையுடையது. கோபன்ஹேகன் நகரத் தொலைபேசி நிலையத்தில் அழைப்புக்கள் காத்திருப்பதை ஆராய்ந்த எர்லாங் என்பார், 1909இல் வரிசைக் கணிதத்திற்கு வித்திட்டார். நோயினின்று தேறிவந்த உலாம் என்னும் கணித அறிஞர் 1946இல் தனியே சீட்டாடுங்கால், வெற்றி வாய்ப்பைக் கணக்கிடுவதினும் பன்முறை ஆடி எண்ணிப் பார்த்தல் எளிதென்று கண்டார். மான்டி கார்லோ முறை அதனின்று வளர்ந்தது. 1960க்குப் பின் நார்வே நாட்டு நிகார்டும் டாலும் இதற்கெனவே ‘சிமுலா’ என்னும் கணிப்பொறி மொழியைச் சமைத்தனர். யான் தாளிலிட்ட ஆறு நாட்களைக் கணிப்பொறி பல்லாயிரம் முறை, வரத்தை மாற்றி மாற்றி, நொடிப்பொழுதில் இயக்கிக் காட்டும். தூத்துக்குடி போன்ற துறைமுகங்களிற் கப்பல் காத்திருப்பதும், நூலாலையில் ஒரு பொறி நிற்கப் பிற பொறிகள் பஞ்சின்றி நிற்பதும் இவ்வகை ஆராய்ச்சிக்குரியனவே.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மாதிரி, நாம் அதனுட் சேர்த்ததையே திருப்பிச் சொல்லும். மழையைச் சேர்க்காத மாதிரியில் ஒரு நெல்லும் முளைப்பதில்லை. ஆகவே கடந்த அறுவடையின் கணக்கேட்டோடு அதனை ஒப்பிட்டு, உண்மையோடு பொருந்தியபின்னரே எதிர்காலத்தை அதனிடம் வினவுதல் வேண்டும்.

தீர்வு யாது? நாட்குறித்த சீட்டு வழங்கி வரத்தைச் சமன்செய்யின், அதே தராசும் அதே ஆட்களும் போதும். ஆயின் சீட்டு மட்டும் கொடுத்து, அறுவடைப் பொறியின் நாளை முறைப்படுத்தாவிடின், நெல் வாயிலில் கிடப்பதற்கு மாறாகக் களத்திற் கிடக்கும். இரண்டும் இணைதல் வேண்டும். இக்கருத்து நமக்குப் புதிதோ? கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் ஈறாகப் பொருநையின் எட்டு அணைக்கட்டுகளைச் சார்ந்த நம்மவர், நீர் குறைந்த நாளில் முறைவைத்துப் பாய்ச்சும் வழக்கத்தை நன்கறிவர். அனைவரும் ஒருங்கே மடை திறப்பின் கடைமடை காயுமென்பது அவர்தம் பட்டறிவு. வயலுக்கு நீர் வரும்போது கைக்கொண்ட முறையை, வயலினின்று நெல் போகும்போதும் கைக்கொள்ளுதலே வேண்டுவது. பெரிய தந்தையாரிடம் என் தாளைக் காட்டினேன். அவர் நெடுநேரம் நோக்கி, “இதை அறுப்புக்கு முன்னமே போட்டிருக்கலாமே, தம்பி” என்றார்.